செர்ரி மேஜிக்: அடாச்சி செய்தது காதலா, ஒட்டுக்கேட்பதா?

நள்ளிரவு_வாசகி (இழையைத் தொடங்கியவர்)

செர்ரி மேஜிக் மங்காவின், அதாவது அந்த ஜப்பானியக் காமிக்ஸின், முதல் இரண்டு தொகுதிகளை நேற்று மறுபடியும் படித்தேன். முதல் தடவை படித்தபோது வயிறு வலிக்கச் சிரித்தவள் நான். இந்தத் தடவை பாதியில் ஒரு நெருடல். தூக்கம் வரவில்லை, அதனால் இந்த இழை. ஸ்பாய்லர் நிறைய வரும், படிக்காதவர்கள் இப்போதே ஓடிவிடுங்கள்.

ஓடாதவர்களுக்குக் கதை இதுதான். அடாச்சி ஆபீஸில் யார் கண்ணிலும் படாமல் வேலை பார்க்கிற ஆள். 30 வயது ஆகிறது, அதுவரை யாரோடும் எதுவும் நடந்ததில்லை. அப்படிப்பட்டவன் மந்திரவாதி ஆகிவிடுவான் என்று ஜப்பானிய இணையத்தில் ரொம்ப நாளாக ஓடும் ஒரு கிண்டல் உண்டு. இவனுக்கு அது பலித்துவிடுகிறது. யாரைத் தொட்டாலும் அவர்கள் மனதில் ஓடுவது இவன் காதில் விழுகிறது. நெரிசலான லிஃப்டில் குரோசாவா மேல் இடித்துக்கொண்டு நிற்கிறான். குரோசாவா இவனோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவன். அழகன், விற்பனைப் பிரிவின் நட்சத்திரம். அவன் மனதுக்குள் அடாச்சியைப் பற்றிய உருகல் ஓடிக்கொண்டிருக்கிறது. முகத்திலோ ஒரு சலனமும் கிடையாது.

என் பிரச்சினை இதுதான். குரோசாவா வருடக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் பொத்தி வைத்த விஷயம் அது. அடாச்சி அதை அவனுக்கே தெரியாமல் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறான். நம் டைரியை ஒருவர் எடுத்துப் படித்தால் நாம் சிரிப்போமா? இதை மட்டும் ஏன் இனிப்பாக விழுங்குகிறோம்?

கத்திரிவெயில்

டைரி உதாரணம் பொருந்தவில்லை. டைரியைத் திறந்து படிக்க வேண்டும். அடாச்சி எதைத் திறந்தான்? டோக்கியோவில் காலை நேர ரயிலில் ஒருவரையும் தொடாமல் நிற்க முடியுமா? பக்கத்து வீட்டு டிவி சத்தம் நம் வீட்டுக்குள் கேட்டால் அது நம் குற்றமா?

தவிர, அவன் முதலில் செய்வது என்ன என்று பாருங்கள். பயந்து விலகுகிறான். அடுத்த ஆள் மேல் படக் கூடாது என்று உடம்பைச் சுருக்கிக்கொண்டு நடக்கிறான்.

நள்ளிரவு_வாசகி

முதலில், சரி. அப்புறம்? குரோசாவா என்ன நினைக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றே தொடுகிற இடங்கள் வருகின்றனவே. பக்கத்து வீட்டு டிவி தானாகக் கேட்பது வேறு, சுவரில் டம்ளரை வைத்துக் கேட்பது வேறு.

உப்புமா_எதிர்ப்பாளன்

உங்கள் தீவிரமான விவாதத்துக்கு நடுவே ஒரு அற்பக் கேள்வி. இந்தத் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? ஜப்பானிய மூலத்தின் தலைப்பு ஒரு முழு வாக்கியம், "30 வயது வரை டோடெய் ஆக இருந்தால் மந்திரவாதி ஆகலாமாம்" என்கிற மாதிரி. கடைசியில் வரும் அந்த "-ஆம்" தொனி, யாரோ சொன்ன வதந்தி போல வருவது, தமிழில் அழகாக உட்காருகிறது. ஆனால் டோடெய்? உடலுறவு அனுபவமே இல்லாத ஆண் என்று அர்த்தம்.

"கன்னி" என்றால் பெண். "கன்னிப் பையன்" என்று எழுதினால் நானே எழுந்து போய்விடுவேன். "பிரம்மச்சாரி" என்றால் அடாச்சி ஏதோ சபதம் எடுத்து, காவி கட்டி, அதிகாலையில் குளத்தில் முங்குகிறவன் போல ஆகிவிடும். பாவம், அவன் சபதம் எடுக்கவில்லை, அவனை யாரும் சீண்டவில்லை, அவ்வளவுதான்.

மொட்டைமாடி

கட்டைப் பிரம்மச்சாரி என்று ஒரு சொல் நம் பாட்டிகளிடம் இருக்கிறதே. அதில் சபதமும் இல்லை, புனிதமும் இல்லை, கொஞ்சம் இளக்காரம் மட்டும் உண்டு. டோடெய்யில் இருப்பதும் அந்த இளக்காரம்தான்.

இன்னொன்று சொல்கிறேன். நம் கதைகளில் புலனடக்கத்துக்குச் சக்தி கிடைப்பது ஒன்றும் புதிதில்லை. அனுமன் முதல் சித்தர்கள் வரை எல்லோரும் அடக்கி ஆண்டு, தவம் கிடந்து, வாங்கினார்கள். வாங்கியதற்கு ஒரு கம்பீரம் இருந்தது. ஜப்பானியக் கிண்டல் அதைத் தலைகீழாகக் கவிழ்க்கிறது. இவன் எதையும் அடக்கவில்லை, வாய்ப்பே வரவில்லை. சக்தி என்பது ஆறுதல் பரிசு. ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தவனுக்கு ஒரு சோப்பு டப்பா கொடுப்பார்களே, அது மாதிரி. மங்காவின் ஆசிரியர் யூ டொயோட்டா அந்த சோப்பு டப்பாவைத் திறந்து பார்த்தார், உள்ளே ஒரு முழுக் கதை இருந்தது.

உப்புமா_எதிர்ப்பாளன்

"30 வயது வரை கட்டைப் பிரம்மச்சாரியாக இருந்தால் மந்திரவாதி ஆகலாமாம்." நான் இந்தப் புத்தகத்தை வாங்குவேன்.

குறுக்கெழுத்து

வயதில் மூத்தவள் என்பதால் கொஞ்சம் பழைய கதை சொல்ல அனுமதியுங்கள்.

இந்த வகை மங்கா, அதாவது ஆண்-ஆண் காதல் மங்கா, தொடங்கியபோது சிரிப்பு என்பதே அபூர்வம். 1976-இல் கெய்கோ டகெமியா தொடங்கிய தொடர், பிரான்ஸில் ஒரு பையன்கள் விடுதிப் பள்ளியில் நடக்கும், அழுது தீர்க்கலாம். 1978-இல் வந்த 'ஜூன்' பத்திரிகையும் பெரும்பாலும் சோகமும் ரோஜாப்பூவும்தான். அதன் பிறகு ரசிகைகள் தாங்களே எழுதிய கதைகளுக்கு 'யாஓய்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். உச்சமும் இல்லை, முடிவும் இல்லை, அர்த்தமும் இல்லை என்பதன் சுருக்கம். தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் பெயர்.

இந்த மரபில் ஒரு பழக்கம் இருந்தது. ஜோடியில் ஒருவன் உயரம், அழகு, அலட்டல் இல்லாத பேச்சு, எதையும் காட்டாத முகம். இன்னொருவன் அந்த முகத்தைப் பார்த்துத் தவிப்பான். இவன் என்ன நினைக்கிறான் என்று தெரியாமல் வாசகியும் நூறு பக்கம் தவிப்பாள். குரோசாவா அச்சு அசலாக அந்த உயரமானவன்தான். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே அவன் மண்டையின் மூடியைத் திறந்துவிடுகிறார் ஆசிரியர். உள்ளே பார்த்தால், அந்தக் கம்பீரமானவன் அடாச்சியின் தலையில் முடி சிலிர்த்து நிற்பதைப் பார்த்து உருகிக்கொண்டிருக்கிறான்.

இந்தத் தொடரின் நகைச்சுவை முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஒட்டுக்கேட்பதால் பலம் பெறுகிறவன் அடாச்சி, நிஜம். ஆனால் வாசகியாக எனக்கு அது நாற்பது வருடமாகப் பூட்டியிருந்த கதவு திறந்த மாதிரி இருந்தது. அதனால் நள்ளிரவு_வாசகி சொல்வதை ஒப்புக்கொண்டாலும் என்னால் கோபப்பட முடியவில்லை.

நள்ளிரவு_வாசகி

அக்கா, இதை நான் யோசித்ததே இல்லை. அப்படியென்றால் ஒட்டுக்கேட்பது அடாச்சி மட்டும் இல்லை. நாமும் கூடத்தான்.

வரிக்குதிரை

டிவி தொடரைப் பற்றி இன்னும் யாரும் பேசாதது ஆச்சரியம். டிவி டோக்கியோவில் 2020 அக்டோபரில் தொடங்கி டிசம்பர் 24-இல் முடிந்த 12 பகுதிகள். அடாச்சியாக எய்ஜி அகாசோ, குரோசாவாவாக கெய்தா மச்சிடா. அகாசோவை நான் முன்பு கமென் ரைடர் பில்ட் என்ற சூப்பர்ஹீரோ தொடரில் மட்டும் பார்த்திருந்தேன். அடித்து நொறுக்குகிற பாத்திரம். அதே ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்து அசந்துபோனேன்.

மங்காவில் மனக்குரலைக் காட்டுவது சுலபம், ஒரு குமிழி வரைந்தால் போதும். டிராமாவில் மச்சிடா முகத்தை அசைக்காமல் நிற்கிறார், குரல் மட்டும் பின்னால் கூத்தாடுகிறது. அதிகம் நடிக்காமலே சிரிக்க வைக்கிறார். காகிதத்தில் வராத ஒரு சிரிப்பு அது.

உங்கள் கேள்விக்கும் டிராமா நேராகவே பதில் சொல்கிறது. 11-ஆம் பகுதி ஞாபகம் இருக்கிறதா? எப்படிக் கிடைத்ததோ அப்படித்தான் மந்திரம் போகும். அதாவது குரோசாவாவோடு நெருங்கினால் போய்விடும். அடாச்சி அந்தப் பயத்தில் தடுமாறுகிறான். இத்தனை நாள் எல்லாம் சரியாக நடந்தது தன்னால் இல்லை, மந்திரத்தால்தான் என்று நம்புகிறான். அப்புறம் உண்மையைச் சொல்கிறான், "எனக்கு உன் மனம் கேட்கும்" என்று. குரோசாவா திட்டவில்லை, கத்தவில்லை. இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்கிறான். அந்த மெதுவான குரலுக்கு நான் ஒரு வாரம் அழுதேன்.

கத்திரிவெயில்

அந்த இடத்தில்தான் எனக்கு டிராமா மேல் வருத்தம். குரோசாவாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். "எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாய்?" என்று ஒரு கேள்வி போதும். அவன் உடனே அடாச்சியின் வேதனைக்கு இரங்கிவிடுகிறான். இழையில் எதிர்க்கட்சியாக வாதாடிய நானே சொல்கிறேன், அங்கே எழுத்தாளர் கொஞ்சம் நழுவிவிட்டார்.

வரிக்குதிரை

நழுவவில்லை. குரோசாவா யார் என்று பாருங்கள். சின்ன வயதிலிருந்து முகத்தை மட்டும் பார்த்துப் பாராட்டப்பட்டவன். "உனக்கு அழகு தவிர ஒன்றுமில்லை" என்கிற மாதிரிப் பேச்சையும் வாங்கியவன். அவனை அடாச்சி முதன்முதலில் கவர்ந்ததே, குடித்துவிட்டுப் பரிதாபமாகக் கிடந்த ஓர் இரவில் முகத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்ததால்தான். அப்படிப்பட்டவனுக்குத் தன் உள்ளே இருப்பது முழுவதும் ஒருவனுக்குத் தெரியும், தெரிந்தும் அவன் ஓடவில்லை என்பது அவமானமா, நிம்மதியா? எனக்கென்னவோ நிம்மதி என்றுதான் படுகிறது.

ஆறாம்_பிளாட்பாரம்

பல மாதமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இந்த இழைக்காக எழுதுகிறேன்.

நான் ஆண், ஆண்கள் மேல் ஈர்ப்பு உள்ளவன். இந்தத் தொடரைச் சிலர் பெண்களுக்கான பகல் கனவு என்று ஒதுக்குவார்கள். பாதி சரி. அந்த ஆபீஸில் ஒருவர்கூட முகம் சுளிப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஆபீஸ் எதிலும் அப்படி இல்லை. ஜப்பானிலும் ஒருபால் திருமணத்துக்குச் சட்டம் இன்னும் இடம் கொடுக்கவில்லை. 2015-இல் டோக்கியோவின் ஷிபுயா வார்டு ஒருபால் ஜோடிகளுக்குத் துணைவர் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. டோக்கியோ மாநகரம் முழுவதற்கும் அப்படி ஓர் ஏற்பாடு வர 2022 நவம்பர் ஆயிற்று.

ஆனால் மனதைக் கேட்கும் சக்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ஒருவரைப் பிடித்திருந்தால் முதலில் வரும் கேள்வி "அவருக்கு என்னைப் பிடிக்குமா" இல்லை. "சொன்னால் எனக்கு என்ன ஆகும்" என்பதுதான். தப்பாகக் கணித்துவிட்டால் நட்பு போகலாம், வேலை போகலாம், வீட்டுக்குத் தகவல் போகலாம். அதனால் வருடக்கணக்கில் ஒருவரின் பேச்சை, பார்வையை, மெசேஜில் போடும் புள்ளியைக்கூடத் துப்பறிவோம். அடாச்சிக்குக் கிடைத்தது எங்களில் பலர் கேட்டிருக்கும் வரம். இனிப்பாக விழுங்குகிறோமே என்று வாசகி கேட்டார். என் பதில்: அந்த உறுதி எங்களுக்கு அவ்வளவு அரிது.

ஆனால் வேடிக்கை, அந்த உறுதி கிடைத்தும் அடாச்சியால் நம்ப முடியவில்லை. காதில் நேராக விழுகிறது, அப்போதும் "என்னையா?" என்கிறான். சிரித்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நள்ளிரவு_வாசகி

எழுதியதற்கு நன்றி. என் முதல் பதிவை அழித்துவிட்டுத் திருப்பி எழுதலாமா என்று தோன்றுகிறது. வேண்டாம், இருக்கட்டும்.

உப்புமா_எதிர்ப்பாளன்

ட்சுகேயைப் பற்றி ஒருவரும் பேசாதது அநியாயம். அடாச்சியின் நண்பன், நாவலாசிரியன், அவனும் 30 தாண்டிய கட்டைப் பிரம்மச்சாரி, அவனும் மந்திரவாதி. பார்சல் கொண்டுவரும் மினாட்டோ மேல் மனதைப் பறிகொடுக்கிறான். எழுத்தாளன் என்று பெயர், நேரில் ஒரு வாக்கியம் உருப்படியாக வராது. பூனைக்கு ஊதோன் என்று நூடுல்ஸின் பெயர் வைத்தவனை எப்படி வெறுப்பது?

என் கருத்து, இரண்டாவது ஜோடிதான் அசல் காமெடி. குரோசாவா எல்லாவற்றிலும் கைதேர்ந்தவன். சமைப்பான், பேசுவான், உடை அழகு. ட்சுகேயும் மினாட்டோவும் இரண்டு பேரும் தடுமாறுகிறவர்கள். தடுமாற்றத்தில்தான் எனக்குச் சிரிப்பு.

மொட்டைமாடி

ஜோடி சரி, ஆனால் அவர்கள் அத்தியாயங்கள் பல இடங்களில் அவசரம். இந்தக் கதை 2018-இல் இணையத்தில் சின்னச் சின்னப் பகுதிகளாகப் போட்டுப் பிறந்தது. ஸ்கொயர் எனிக்ஸ் பிறகு புத்தகமாக்கியது. தொடக்கத்தில் சில பக்கத்துக்கு ஒரு சிரிப்பு என்ற வேகம் இருக்கிறது. அந்த வேகம் முதல் ஜோடிக்கு நன்றாகப் பொருந்தியது. ட்சுகே மாதிரி உள்ளே சுருண்டு கிடப்பவனுக்கு அது போதவில்லை.

குறுக்கெழுத்து

ஃபுஜிசாகியை விட்டுவிடாதீர்கள். எனக்கு அவள்தான் முக்கியம்.

மங்காவில் இந்தப் பெண் ஒரு ஃபுஜோஷி, அதாவது ஆண்-ஆண் காதல் கதைகளுக்குப் பைத்தியமான ரசிகை. பக்கத்து மேஜையில் நடப்பதை மோப்பம் பிடித்து உள்ளுக்குள் குதிப்பாள். நம்மைத்தான் வரைந்து உள்ளே வைத்திருக்கிறார், நல்ல வேடிக்கை. டிராமாவில் திரைக்கதை எழுதிய எரிகா யோஷிடா அவளை மாற்றிவிட்டார். அங்கே அவள் காதலிலேயே நாட்டமில்லாத பெண். அம்மா கல்யாணம் கல்யாணம் என்கிறாள். இவளுக்குத் தன் வாழ்க்கை பிடித்திருக்கிறது, அதை விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

2022-இல் இதே யோஷிடா ஜப்பானின் பொது ஒளிபரப்பான என்எச்கேவுக்கு எழுதிய தொடர், காதலும் உடல் ஈர்ப்பும் இல்லாத இருவர் ஒரே வீட்டில் வாழ்வதைப் பற்றியது. அதற்கு, டிவி திரைக்கதைக்கான முகோடா குனிகோ விருது வாங்கினார். அந்த விதை ஃபுஜிசாகியிடமே விழுந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

கத்திரிவெயில்

மன்னிக்கவும், எனக்கு மங்காவின் ஃபுஜிசாகிதான் வேண்டும். டிராமாவுக்கு மரியாதை தேவைப்பட்டது, அதனால் ரசிகையை எடுத்துவிட்டு ஒரு கண்ணியமான தோழியை வைத்தார்கள். நம்மைப் போன்றவர்கள் திரையில் தெரிந்தால் வெட்கமா?

குறுக்கெழுத்து

வெட்கம் இல்லை, கத்திரி. யோசித்துப் பார். வாசகி தொடங்கிய கேள்வியை அதில் வை. மங்காவின் ஃபுஜிசாகியும் அனுமதி கேட்காமல்தான் இரண்டு சக ஊழியர்களைப் பற்றிக் கற்பனை செய்கிறாள். நிஜ மனிதர்கள் நடிக்கும்போது அது வேறு மாதிரித் தெரியும். என் ஆபீஸில் ஒருத்தி என்னைப் பற்றி அப்படிக் கற்பனை செய்தால் எனக்குப் பிடிக்காது. காகிதத்தில் சிரிப்பேன்.

கத்திரிவெயில்

இதற்குப் பதில் யோசித்து நாளைக்குச் சொல்கிறேன். தோற்றுவிட்டேன் என்று அர்த்தம் இல்லை.

மட்டுறுத்துநர்

மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். திருட்டு ஸ்கேன் தளங்களின் முகவரி கேட்பதும் கொடுப்பதும் இங்கே கூடாது. ஆங்கிலப் பதிப்பு புத்தகமாகவே வருகிறது. அந்தரங்கக் காட்சிகளின் படங்களையும் ஒட்டாதீர்கள். மற்றபடி நல்ல இழை, தொடருங்கள்.

ஒன்பதரை_மணி

புதியவன். எதிலிருந்து தொடங்குவது? மங்கா, டிராமா, அனிமே, சினிமா, தாய்லாந்துத் தொடர் என்று ஐந்து இருக்கிறதே, ஒரு கதைக்கு இத்தனையா?

வரிக்குதிரை

டிராமா. அப்புறம் மங்கா. 2022-இல் வந்த சினிமா அதற்கும் பிறகு. அடாச்சிக்கு நாகசாகிக்கு இடமாற்றம் வருகிறது, பிரிவு, பெற்றோர்களைப் பார்க்கப் போவது என்று போகும். சிரிப்பு குறைவு. டிராமா பிடித்தவர்களுக்கு மட்டும்.

உப்புமா_எதிர்ப்பாளன்

அனிமே 2024 ஜனவரியில் வந்தது, சாட்டலைட் ஸ்டூடியோ. கதையில் மங்காவோடு ஒட்டிப் போகும், குரல்கள் நன்றாக இருக்கும், ஆனால் படம் அசைய மறுக்கும். சமைக்கும்போது பின்னணியில் ஓடவிடலாம்.

மொட்டைமாடி

தாய்லாந்து வடிவம் தனி ருசி. டே தவானும் நியூ திதிபூமும்; பெயர்கள் கரண், ஆச்சி. முன்பே பல தொடர்களில் ஜோடியாக நடித்தவர்கள், அதனால் முதல் பார்வையிலேயே பழகிய வெப்பம் இருக்கும். அதுதான் குறையும். ஜப்பானிய அடாச்சியிடம் இருந்த அந்தத் தொட அஞ்சும் தவிப்பு வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி சீக்கிரம் கரைந்துவிடுகிறது.

ஆறாம்_பிளாட்பாரம்

ஒரு விஷயம் சேர்க்கிறேன். அந்தத் தொடர் 2023 டிசம்பரில் தொடங்கியது. 2025 ஜனவரி 23 முதல் தாய்லாந்தில் ஒருபால் திருமணம் சட்டப்படி செல்லும். கரணும் ஆச்சியும் இப்போது பதிவு அலுவலகத்துக்குப் போகலாம். அடாச்சியும் குரோசாவாவும் போக முடியாது. நான் மறுபடியும் பார்த்தபோது இது தலையில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒன்பதரை_மணி

சரி, டிராமா தொடங்கினேன். முதல் பகுதி முடிந்தது. லிஃப்ட் காட்சியில் சத்தமாகச் சிரித்து வீட்டில் மாட்டிக்கொண்டேன். என்ன பார்க்கிறாய் என்று அம்மா கேட்டாள். மந்திரவாதி கதை என்றேன்.

கத்திரிவெயில்

பொய் இல்லையே.

நள்ளிரவு_வாசகி

இன்று மூன்றாவது தொகுதியை எடுத்தேன். குறுக்கெழுத்து அக்கா சொன்னதையும் ஆறாம்_பிளாட்பாரம் சொன்னதையும் மனதில் வைத்துப் படித்தேன். நெருடல் முழுவதும் போகவில்லை, ஆனால் இடம் மாறிவிட்டது. இப்போது அடாச்சி வேண்டுமென்றே கை நீட்டும் ஒவ்வொரு தடவையும் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிறேன். தானாகப் பட்டது ஒரு பக்கம், நீட்டியது ஒரு பக்கம். பட்டியல் முடிந்ததும் இங்கே போடுகிறேன், கத்திரிவெயில் சண்டைக்குத் தயாராக இருக்கட்டும்.

கத்திரிவெயில்

இடித்துக்கொண்டது எந்தப் பக்கத்தில் வரும்? அதை முதலில் முடிவு செய்யுங்கள்.